தாழ்ந்து ஒலித்த குரலைத் தோல்வி என்று எழுதலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்ன் மெய்டன் இசைக்குழுவின் ஐம்பதாவது ஆண்டை முன்னிட்டுத் தங்கள் வாரமலரில் வெளிவந்த கட்டுரையைக் கிளிநொச்சியில் என் கடையில் இருந்தபடி இரண்டு தடவை வாசித்தேன். 1975ஆம் ஆண்டு நத்தார் நாளில் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பேஸ் கிற்றார்க் கலைஞர் தொடங்கிய குழு அரை நூற்றாண்டு கடந்தும் மைதானங்களை நிரப்பி வருவதைத் தமிழ் வாசகருக்கு எடுத்துச் சொல்ல ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிய தங்களுக்கு முதலில் என் நன்றி. ஹெவி மெற்றல் இசை பற்றி நமது பத்திரிகைகளில் எழுதப்படுவதே அரிது. அப்படி அரிதாக எழுதப்பட்ட அந்தக் கட்டுரையில் ஒரேயொரு வாக்கியம் மனத்தில் தைத்துவிட்டது. 1995இல் வெளியான ‘தி எக்ஸ் ஃபாக்டர்’ என்ற அல்பத்தை, பாடகர் மாறியதால் ஏற்பட்ட தோல்வி என்று கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை என்பதை அறிவேன். முப்பது ஆண்டுகளாகப் பலரும் சொல்லி வரும் தீர்ப்பு அதுதான். ஆயினும் அந்தத் தீர்ப்புப் பிழை. இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்த அல்பத்தைக் கேட்டு வருபவன் என்ற முறையிலும், ஒலிபெருக்கித் தொழிலால் சீவியம் நடத்துபவன் என்ற முறையிலும் அது ஏன் பிழை என்பதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1982இன் புகழ்பெற்ற அல்பத்திலிருந்து குழுவின் குரலாக விளங்கிய புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகினார். வுல்ஃப்ஸ்பேன் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த பிளேஸ் பெய்லி அவருடைய இடத்துக்குத் தெரிவானார். 1981 தொடக்கம் 1992 வரை குழுவின் அல்பங்களைத் தயாரித்து அவற்றின் ஒலியை வடிவமைத்த மார்ட்டின் பேர்ச்சும் ஓய்வு பெற்றிருந்தார். எசெக்ஸில் ஹாரிஸின் வீட்டோடு சேர்ந்த கலையகத்தில், ஹாரிஸும் நைஜல் கிரீனும் பொறுப்பேற்றுத் தயாரித்த பதினொரு பாடல்கள், ஏறத்தாழ எழுபத்தொரு நிமிட இசையாக 1995 ஒக்டோபர் 2ஆம் திகதி வெளிவந்தன. ஹாரிஸின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த காலமும் அதுதான். பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அல்பம் எட்டாம் இடத்தைப் பிடித்தது. 1981க்குப் பின்னர் அதுவரை அக்குழுவின் எந்தக் கலையக அல்பமும் அவ்வளவு கீழே நின்றதில்லை. பெயரிலுள்ள ‘எக்ஸ்’ உரோம எழுத்தில் பத்தைக் குறிக்கும். குழுவின் பத்தாவது அல்பம் இது. 2025 மே மாதம் புடாபெஸ்டில் தொடங்கிய பொன்விழாச் சுற்றுலாவில் முதல் ஒன்பது அல்பங்களின் பாடல்களை மட்டுமே இசைப்பதெனக் குழு தீர்மானித்திருக்கிறது. ஆகவே, கொண்டாட்டத்தின் வாசலுக்கு ஓரடி வெளியே நிற்கிறது இந்தப் பத்தாவது.

அந்த ஒக்டோபர் மாதத்தை நம்மவர் எவரும் மறந்திருக்க முடியாது. 30ஆம் திகதி இரவு போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது பதினாறு வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்காக விடிய விடிய மழையில் நின்றோம். தென்மராட்சியில் சில மாதங்கள் தங்கி, அடுத்த சித்திரையில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தோம். பிறகு வன்னியே எனக்கு ஊராகிவிட்டது. லண்டனில் ஒரு குழு போரின் பின்விளைவுகளைப் பற்றிய அல்பமொன்றை வெளியிட்ட அதே மாதத்தில் நாங்கள் வீட்டுத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தோம் என்பது வெறும் தற்செயல்தான். அதில் வேறெந்த அர்த்தத்தையும் நான் தேடவில்லை. ஆனால் அந்தப் பாடல்களை என் காது எந்த இடத்திலிருந்து கேட்டது என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை இங்கு குறிப்பிடுகிறேன்.

மல்லாவியில் வானொலிப் பெட்டியும் ஒலிபெருக்கியும் திருத்தும் ஒருவரிடம் தொழில் பழகினேன். மின்சாரம் இல்லாத காலம் அது. பற்றறி கிடைப்பதே அரிது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் இரவுச் செய்தி கேட்போம். சுற்றுகிறவரின் கை சற்றுத் தளர்ந்தாலும் செய்தி வாசிப்பவரின் குரல் தாழ்ந்து இழுபடும். பழைய லொறி பற்றறி ஒன்றைத் தேடிப்பிடித்து அம்பிளிஃபையர் ஓடவைக்கும் வித்தையை அந்த மனிதர்தான் எனக்குக் கற்றுத் தந்தார். ஒரு குரல் கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்கு அது உரத்து ஒலிக்க வேண்டும் என்பதில்லை, எந்த ஒலியும் அதை மூடாமல் இருந்தால் போதும் என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்தப் பாடம் இந்த அல்பத்தை விளங்கிக்கொள்ள எனக்கு மிகவும் உதவியது.

2002 சித்திரையில் ஏ-9 வீதி திறந்த பிறகு, லண்டனிலிருந்து என் பெரியம்மாவின் மகன் வந்தார். வரும்போது தொண்ணூறு நிமிடக் கசெற் ஒன்றில் இந்த அல்பத்தைப் பதிந்து கொண்டுவந்து தந்தார். முதற்பக்கத்தில் ஏழு பாடல்கள் அரை நிமிடம் மட்டுமே மிச்சமிருக்க அடங்கியிருந்தன. எட்டாவது பாடலில் பின்பக்கம் தொடங்கியது. அப்போது கிளிநொச்சியில் தகரக் கொட்டகையொன்றில் கடை போட்டிருந்தேன். மாலை நேரம். கசெற்றைப் போட்டதும் கிற்றாரும் இல்லை, மேளமும் இல்லை. துறவிகள் கூடி நின்று தாழ்ந்த குரலில் செபிப்பது போன்ற ஓர் ஒலி மட்டும் வந்தது. ‘சைன் ஒஃப் த குரோஸ்’ என்ற பதினொரு நிமிடப் பாடலின் தொடக்கம் அது. அயல் வீட்டு ஆச்சி வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு, “என்ன தம்பி, மடுக்கோயில் பூசையோ?” என்று கேட்டார். வெள்ளைக்காரரின் பாட்டு என்றேன். ஆச்சி போகவில்லை. பாட்டுத் தொடங்கி, கிற்றார்கள் உரத்து எழுந்து, மீண்டும் அடங்கிப் பாடகர் தனியாகப் பாடிய இடம் வரையிலும் நின்று கேட்டார். பிறகு, “உந்தப் பொடியன் ஏன் இவ்வளவு கவலையாப் படிக்கிறான்?” என்று கேட்டுவிட்டு மாட்டைக் கட்டப் போனார்.

ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத அந்த மூதாட்டி பிடித்துக்கொண்டதை, அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த விமர்சகர் பலர் தவறவிட்டார்கள் என்பதுதான் என் முறைப்பாடு. பிளேஸ் பெய்லியின் குரல் டிக்கின்சனுடையதைப் போல் உச்சத்துக்கு ஏறுவதில்லை என்பது உண்மை. ஆனால் இந்த அல்பத்தின் பாடல்களுக்கு அந்த ஏற்றம் ஏன் தேவை என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. முன்னைய அல்பங்களிலும் போர் இருந்தது. 1983இல் வந்த ‘த ட்ரூப்பர்’ 1854ஆம் ஆண்டு பலக்லாவாவில் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த குதிரைப்படை வீரனின் பாட்டு. 1984இல் வந்த ‘ஏசஸ் ஹை’ பிரித்தானிய வான்படை விமானியின் பாட்டு. இரண்டிலும் போர் அந்தக் கணத்தில் நடந்துகொண்டிருக்கிறது. குதிரையின் பாய்ச்சல் தாளத்தில் இருக்கிறது, விமானத்தின் எழுச்சி குரலில் இருக்கிறது. வீரன் சாகும்போதுகூடக் கேட்பவனின் இரத்தம் சூடேறுகிறது. அந்தப் பாடல்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றுக்கு டிக்கின்சனின் குரல்தான் வேண்டும். ‘தி எக்ஸ் ஃபாக்டர்’ பேசுவது வேறொரு நேரத்தை. குதிரைகள் விழுந்து, புகை அடங்கி, உயிர் தப்பியவன் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் பேசாமல் இருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் எவனுடைய குரலும் உச்சத்துக்கு ஏறாது.

நமது ஒப்பாரியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வரியின் தொடக்கத்தில் எழும்பும் குரல், வரி முடியும்போது தாழ்ந்து தரையோடு வந்து சேரும். அதற்குச் சங்கீதக்காரரின் மேற்ஸ்தாயி வேண்டியதில்லை. யாராவது அப்படிப் பாடினால் செத்தவீட்டில் இருப்பவர்களுக்கு அது பொய்யாகப் படும். பெய்லி இந்த அல்பத்தில் பாடுவது அந்த வகையைச் சேர்ந்தது. ‘ஃபோர்ச்சூன்ஸ் ஒஃப் வோர்’ என்ற நான்காவது பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து வீடு திரும்பிய ஒருவன் தன் காயம் உடம்பில் இல்லை என்கிறான். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று மற்றவர்கள் சொல்லும் ஆறுதல் தன்னை வந்து எட்டவில்லை என்கிறான். ஒற்றைக் கிற்றாரின் மெல்லிய மீட்டலோடு தொடங்கி, ஏழு நிமிடத்துக்கு மேல் நீண்டு, வேகம் கூடிய பின்னரும் அந்தக் குரல் தன் கனத்தை விடுவதில்லை. இங்கே எத்தனை வீடுகளில் அந்த மனிதன் இருக்கிறான் என்பதைத் தங்கள் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவில் திடுக்கிட்டு எழுந்து முற்றத்தில் போய் இருப்பவர்கள் என் ஒழுங்கையில் மாத்திரமே மூவர்.

ஆறாவது பாடலான ‘தி ஆஃப்டர்மத்’ இன்னும் நெருங்கி வருகிறது. முதலாம் உலகப் போரின் நிலம். நச்சு வாயுவும் முட்கம்பியும். அந்தப் பாடல் வீரனோடு மட்டும் நின்றுவிடவில்லை. ஒரு காலத்தில் அதே வயலில் ஏர் பூட்டி உழுது விதைத்த ஒருவனையும் நினைவுக்குக் கொண்டுவருகிறது. அவன் விதைத்த இடத்தில் இப்போது உடல்கள் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு, போர் முடிந்த பின் போராடியவன் என்னவாகிறான் என்ற கேள்வியை வைக்கிறது. 2010க்குப் பிறகு மீள்குடியேறித் தங்கள் காணியின் எல்லையில் நின்று, மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் தாங்கள் விதைத்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ கமக்காரரை நான் நேரில் கண்டிருக்கிறேன். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி எத்தனை ஆண்டுகள் நீண்டது என்பது தங்கள் பத்திரிகையிலேயே பல தடவை வந்த செய்தி. ஏரைப் பற்றிய ஒரு வரி ஹெவி மெற்றல் பாட்டுக்குள் வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. அது வந்தபோது, இந்தப் பாடலை எழுதிய ஹாரிஸும் பெய்லியும் கிற்றார்க் கலைஞர் ஜானிக் கெர்ஸும் போரை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தீர்மானித்தார்கள் என்பது எனக்கு விளங்கியது.

என் தொழிலோடு சேர்ந்த ஒரு விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். இந்த அல்பத்தின் ஒலி வரண்டது என்றும், கிற்றார்கள் பின்னுக்குப் போய்விட்டன என்றும் குறை சொல்கிறார்கள். மார்ட்டின் பேர்ச்சின் கைவண்ணத்தில் இருந்த விசாலம் இதில் இல்லை என்பது சரிதான். எதிரொலி குறைவு. மண்டபத்தில் நின்று பாடுவது போன்ற உணர்வு வரவே வராது. சுவருக்குத் துணி கட்டிய ஓர் அறைக்குள் ஒருவர் நமக்கு இரண்டு முழத் தொலைவில் இருந்து பாடுவது போல இருக்கும். கோயில் திருவிழாவுக்கு ஒலி அமைக்கும் எனக்கு எதிரொலி கூட்டுவது எவ்வளவு இலகு என்பது தெரியும். ஒரு குமிழைத் திருப்பினால் சாதாரணக் குரலும் கோபுரத்திலிருந்து இறங்குவது போலக் கேட்கும். அந்தக் குமிழைத் திருப்பாமல் விட்டதைக் குறையென்று நான் கொள்ளமாட்டேன். இந்தப் பாடல்களைக் கோபுரத்திலிருந்து கேட்க முடியாது. அறைக்குள் இருந்துதான் கேட்க வேண்டும்.

கசெற்றின் பின்பக்கத்தைத் திறந்த எட்டாவது பாடல், ‘பிளட் ஒன் த வேர்ல்ட்ஸ் ஹாண்ட்ஸ்’, பேஸ் கிற்றார் தனியே இசைப்பதில் தொடங்குகிறது. ஹாரிஸ் விரல் நுனியால் மீட்டுபவர், ‘பிக்’ என்ற மீட்டும் வில்லையைப் பாவிப்பதில்லை. மேற்பரப்பு வழவழப்பான தட்டைக் கம்பிகளையே பல்லாண்டுகளாகப் பாவித்து வருபவர். நல்ல பெட்டியில் போட்டுக் கேட்டால் சுரத்துக்கு முன்னால் கம்பி மரத்தில் மோதும் ‘டக்’ என்ற சிறு தட்டல் கேட்கும். விரல் கம்பியை விட்டு எடுபடும் இடம் கேட்கும். ஒரு சுரம் எழும்பி அடங்கி, அடுத்தது எழும்புவதற்கு முன் வரும் இடைவெளி கேட்கும். வேறெந்தக் கருவியும் இல்லாததால் எதையும் ஒளிக்க முடியாத இடம் அது. பதினைந்து அங்குலப் பேஸ் ஸ்பீக்கரைத் திருத்திய பிறகு நான் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தத் தொடக்கத்தைத்தான். சுருளோ கடதாசிக் கூம்போ சிறிது பிழைத்திருந்தாலும் அந்தத் தட்டல் இரண்டாகக் கேட்கும். கடையில் வேலை பழகிய பொடியன்கள் எல்லோருக்கும் காது பழக்கியது அந்த இடத்தை வைத்துத்தான்.

அந்தப் பாடலின் பொருளையும் சொல்லாமல் விட முடியாது. உலகில் எங்கோ ஓரிடத்தில் தினமும் கொலை நடக்கிறது, செய்தி வருகிறது, பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறோம், எல்லைக்கு அப்பால் இருக்கும் குழப்பம் ஒருநாள் எங்களிடமும் வரலாம் என்று அது எச்சரிக்கிறது. ஐரோப்பாவில் இருந்து எழுதியவருக்கு அது எச்சரிக்கையாக இருந்திருக்கும். நானோ அதை எல்லைக்கு அப்பால் இருந்தவனாகக் கேட்டேன். அந்தப் பாட்டில் பெயர் சொல்லப்படாமல் வரும் ‘எங்கோ’ என்ற அந்த இடம் நாங்கள். 2009இன் முதல் மாதங்களில் தருமபுரத்திலும் விசுவமடுவிலும் பிறகு அதற்கும் கிழக்கேயும் தரப்பாளுக்குக் கீழே இருந்தபோது, லண்டனில் இருந்த அதே பெரியம்மாவின் மகன் வீதியில் இறங்கி நின்று எங்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அவர் பதிந்து தந்த கசெற் அப்போது என்னிடம் இல்லை. 2008இன் பிற்பகுதியில் கிளிநொச்சிக் கடையைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வெளிக்கிட்டோம். இடத்துக்கு இடம் மாறும்போது முதலில் ஹோர்ன்களை விட்டோம், பிறகு அம்பிளிஃபையரை விட்டோம், கடைசியில் பெட்டியையே விட்டோம். செட்டிகுளம் முகாமில் இரவில் இந்தப் பாடல்களை வரிசை மாறாமல் மனத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். எட்டாவதில் வந்து நின்றுவிடுவேன். கசெற்றைத் திருப்ப வேண்டிய இடம் அதற்குச் சற்று முன்னால்தானே வரும்.

அல்பத்தில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. எழுபத்தொரு நிமிடம் அதிகம். மெதுவான தனிக் கிற்றாரில் தொடங்கி நடுவில் வேகம் பிடித்து மீண்டும் மெதுவாக முடியும் அமைப்பைப் பல பாடல்களில் திரும்பத் திரும்பக் கையாண்டிருக்கிறார்கள். ஐந்தாவது பாடலை எடுத்துவிட்டிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. ‘மான் ஒன் தி எட்ஜ்’ தனிப்பாடலாக வெளியாகி விற்பனைப் பட்டியலில் பத்தாம் இடம் பிடித்தது. துடிப்பான பாட்டுத்தான், ஆனால் அதை மட்டும் கேட்டவர்கள் அல்பத்தின் இயல்பை அறிந்திருக்க மாட்டார்கள். அட்டைப் படமும் அல்பத்துக்கு ஓரளவு கேடு செய்தது. வழக்கமான ஓவியத்துக்குப் பதிலாக, குழுவின் சின்னமான எடி என்ற உருவம் இயந்திரமொன்றில் பூட்டி அறுக்கப்படுவதை நிழற்படம் போல் ஹியூ சைம் உருவாக்கியிருந்தார். உள்ளே இருந்த அமைதியான துயரத்தை அந்தக் கொடூரப் படம் கடைக்காரரிடமும் வாங்குபவரிடமும் மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பெய்லியின் பெயர் கெட்டது பெரும்பாலும் மேடையில்தான். அங்கே அவர் டிக்கின்சனின் குரலுக்கென்று அமைந்த பழைய பாடல்களைப் பழைய சுருதியிலேயே பாட வேண்டியிருந்தது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அநியாயம் உடனே விளங்கும். புதிதாக ஒருவர் பாத்திரத்துக்கு வந்தால் அவருடைய தொண்டைக்கு ஏற்பச் சுருதியை இறக்கிக் கொடுப்பது கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கடமை. போன வருடம் ஆடியவரின் சுருதியிலேயே பாடு என்று நிறுத்தி வைத்து, எட்டவில்லையே என்று சபை சிரித்தால் குற்றம் ஆடியவருடையதல்ல. கலையகத்தில் தனக்கென்று எழுதப்பட்ட பாடல்களைப் பாடியபோது பெய்லியிடம் அந்தத் திணறல் இல்லை. அதை அறிய ‘2 ஏ.எம்.’ என்ற பத்தாவது பாடல் ஒன்றே போதும். வேலை முடிந்து அதிகாலை இரண்டு மணிக்கு வெறும் வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, நான் எதற்காக இருக்கிறேன் என்று தன்னைத்தானே கேட்கும் ஒருவனின் பாட்டு அது. திருவிழாவில் ஒலி அமைத்து, கம்பிகளைச் சுருட்டி, விடியற்புறம் வீடு திரும்பி, எவரையும் எழுப்பாமல் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத் திண்ணையில் இருக்கும்போது அந்தப் பாட்டை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

தோல்வி என்ற சொல்லுக்கு எதிராகக் குழுவே தந்த சான்றொன்றும் உண்டு. 1999இல் டிக்கின்சன் திரும்பி வந்தார். 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனீரோவில் பெருங்கூட்டத்தின் முன் அவர் பாடியவற்றில் ‘சைன் ஒஃப் த குரோஸ்’ இருந்தது. அந்த இசைநிகழ்ச்சி மறுவருடம் நேரலை அல்பமாக வெளிவந்தது. 2018இல் தொடங்கிய சுற்றுலாவிலும் அதே பாடலைப் பாடினார்கள். இரண்டாவது பாடலான ‘லோர்ட் ஒஃப் த ஃபிளைஸ்’ஸும் பின்னாளில் அவர் குரலில் மேடையேறியது. தோற்றுப்போன ஒன்றிலிருந்து பதினொரு நிமிடப் பாடலொன்றை எடுத்து அத்தனை பெரிய கூட்டத்தின் முன் எவரும் வைக்கமாட்டார்கள். ரியோவில் டிக்கின்சன் அதைப் பாடுவது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பாடும்போது அந்தப் பாடலில் வரும் மனிதன் மரணத்தை எதிர்த்து நிற்கிறான். பெய்லி பாடும்போது அவன் மரணத்துக்காகக் காத்திருக்கிறான், நம்பியதெல்லாம் சரிதானா என்று தனக்குள் கேட்டுக்கொண்டு. இரண்டில் எது சரியென்று கேட்டால் நான் இரண்டாவதன் பக்கமே நிற்பேன். கதியாலைப் பிடித்துக்கொண்டு ஆச்சி கேட்டதும் அந்தக் குரலைத்தான். ஆச்சி 2009 பங்குனியில் போய்விட்டார்.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளரிடம் என் வேண்டுகோளொன்றைச் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். அவர் அல்பத்தை மீண்டும் கேட்க வேண்டும், முதற்பாடலிலிருந்து அல்லாமல் எட்டாவதிலிருந்து. அந்த நான்கு பாடல்களும் இருபத்தாறு நிமிடம்தான். அதன் பிறகு முற்பக்கத்துக்குப் போகலாம். கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் கிற்றாரின் பாதி போய்விடும். கிளிநொச்சிப் பக்கம் வரும் எண்ணம் இருந்தால் கடைக்கு வரட்டும். மீள்குடியேறிய பிறகு முதன்முதலாக வாங்கிய அம்பிளிஃபையரை இன்னும் வைத்திருக்கிறேன். பதினைந்து அங்குலப் பெட்டி இரண்டும் இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, பக்கத்துக் கடைகள் பூட்டி வீதியில் வாகன இரைச்சல் குறைந்த நேரத்தில் வந்தால் நல்லது. தேநீரும் தருவேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஒலிபெருக்கிச் சேவை நடத்துபவர்,
கிளிநொச்சி.